எங்கள் ஊர்ச் சட்டம்பியார் யார்?

ஒரு கிராமத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிற் கோயிலைத் தேடுவர். அடுத்துக் குளத்தைத் தேடுவர். பழைய அரசனொருவனின் பெயரோ படைத்தலைவன் ஒருவனின் பெயரோ ஊர்ப்பெயருக்குள் ஒளிந்திருப்பதாகக் கண்டால் அகமகிழ்வர். அவ்வூரிலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலிலே எழுத்தெழுதக் கற்பித்தவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலர். அவர் பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் ஊருக்கு ஓரிருவரே எஞ்சியிருக்கும் இக்காலத்தில், அந்தக் கேள்வியை மாணவர்கள் கையில் ஒப்படைக்க விரும்புகின்றேன்.

அவரை நம்முடைய முன்னோர் 'சட்டம்பியார்' என்றனர். இச்சொல்லின் கதையே சுவையானது. தமிழகத்திலே 'சட்டாம்பிள்ளை' என்றால் வகுப்பை மேற்பார்க்கும் மூத்த மாணாக்கன். மலையாளத்திலும் 'சட்டம்பி' முன்னாளில் அப்பொருளையே தந்தது. சட்டம்பி சுவாமிகள் என்று புகழ்பெற்ற துறவிக்கு அப்பெயர் வந்ததும் இளமையில் அவர் அப்பதவியை வகித்ததனாலேயே. இன்றோ அங்கு அச்சொல்லுக்கு முரடன் என்பது பொருளாகிவிட்டது! யாழ்ப்பாணத்தில் மாத்திரம் அது 'ஆர்' விகுதி பெற்று, ஆசிரியரையே குறித்து நின்றது. சொல்லுக்கு மரியாதை செய்த ஊர், சொல்லுக்குரியவரின் பெயரை எழுதிவைக்க மறந்துவிட்டது.

பழைய ஆசிரியரைத் தேடுவோருக்கு முதலில் நினைவுக்கு வருவது குடிசன மதிப்பு ஏடுகளே. வீட்டுக்கு வீடு சென்று, இருப்பவர் யார், வயது என்ன, தொழில் என்ன என்று எழுதிய ஏட்டிலே ஆசிரியரும் அகப்படத்தானே வேண்டும்? இங்கிலாந்திலே அவர் அகப்படுகின்றார். அங்கு 1801ஆம் ஆண்டில் மதிப்பு தொடங்கியது. 1841ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் ஆட்களின் பெயரையும் எழுதினர். நூறாண்டு கழிந்தபின் அவ்வேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுவது அந்நாட்டு வழக்கம். 1921ஆம் ஆண்டின் ஏடுகள் 2022ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளிவந்தன. 1931ஆம் ஆண்டின் ஏடுகள் மட்டும் எக்காலத்தும் வாரா. அவை 1942இல் ஒரு தீவிபத்தில் எரிந்து சாம்பராயின.

அவ்வேடுகளைக் கொண்டு ஆங்கிலக் கிராமத்து ஆசிரியர் ஒருவரை எவ்வாறு பின்தொடர்கின்றார்கள் என்பதை அறிவது நமக்கும் நல்ல பயிற்சியாகும். 1841ஆம் ஆண்டின் ஏடு அவ்வளவு உதவாது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினர். முப்பத்தெட்டு வயதினர் முப்பத்தைந்து என்று நிற்பர். பிறந்த ஊரும் இல்லை. அதே மாவட்டத்திற் பிறந்தவரா அன்றா என்பது மட்டுமே உண்டு. கணவனோடிருந்து அவன் தொழிலுக்குத் துணைசெய்யும் மனைவியின் தொழிலை எழுத வேண்டியதில்லை என்றும் அன்று விதித்திருந்தனர். ஆதலின், கணவர் கணக்குக் கற்பிக்க, மறுபுறத்திற் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்த ஆசிரியையின் பெயருக்கு எதிரே வெற்றிடமே காணப்படும்.

1851ஆம் ஆண்டிலே நிலைமை மாறிற்று. சரியான வயது, குடும்பத் தலைவருக்கு என்ன முறை, பிறந்த ஊர் எது என்பனவெல்லாம் எழுதப்பட்டன. இங்கேதான் ஆராய்வோரின் கூர்மை வெளிப்படுகின்றது. ஆசிரியரின் பெயருக்குக் கீழே அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? மூத்தவன் பிறந்தது ஓர் ஊர். அடுத்தவள் பிறந்தது பதினைந்து மைல் தள்ளி வேறோர் ஊர். கடைக்குட்டி பிறந்தது இதே ஊர். அப்படியாயின் அக்குடும்பம் எந்த ஆண்டளவில் எங்கெங்கு இருந்தது, இவ்வூர்ப் பள்ளிக்கு எப்போது வந்தது என்பதைப் பிள்ளைகளின் வயதே சொல்லிவிடும். இடமாற்றம் என்னும் சொல்லைக் கேட்டாலே துணுக்குறும் நம் ஆசிரியக் குடும்பங்களுக்கு இந்த வித்தையின் நுட்பம் எளிதில் விளங்கும். வேறு சில பக்கங்களிலே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் 'மாணவ ஆசிரியர்' என்று நிற்கக் காணலாம்; 1846ஆம் ஆண்டிலே தொடங்கிய ஏற்பாட்டின்படி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தாமும் கற்று, பிறர்க்கும் கற்பித்த சிறுவர் சிறுமியர் அவர்கள். 1911ஆம் ஆண்டுக்கு வந்தாலோ, வீட்டுத் தலைவர் தம் கைப்பட நிரப்பிய தாளே பேணப்பட்டுள்ளது. ஆசிரியரின் கையெழுத்தையே காணலாம்! கரும்பலகையில் அவர் எழுதியது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பதற்கு அதனினும் நல்ல சான்று வேறில்லை.

இந்த வழியே யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கின்றது. 1824ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் ஆட்சியிலிருந்த குடிகளை எண்ணினர். பத்தாண்டுக்கு ஒருமுறை என்னும் முறையான மதிப்பு 1871ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று இலங்கையின் குடிசனத்தொகை ஏறத்தாழ 24 இலட்சம். ஆனால் வீடுதோறும் நிரப்பிய தாள்கள் இங்கிலாந்திற் போல நமக்குத் திறந்து வைக்கப்படவில்லை. நம் கைக்கு எட்டுபவை அச்சிட்ட அட்டவணைகளே. அவற்றிலே மாவட்டம் உண்டு, தொழில் உண்டு, ஆண் இத்தனை, பெண் இத்தனை என்னும் எண்ணும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. போதாக்குறைக்கு, 1931இற் பொருளாதார மந்தத்தினால் மதிப்பு சுருக்கமாகவே நடந்தது. 1941இல் நடக்கவேண்டியது போரினால் 1946க்குத் தள்ளிப்போயிற்று.

அந்த எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் தகாது. திண்ணைப் பள்ளி நடத்திய சட்டம்பியாரை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. பிள்ளைகளின் வீட்டிலிருந்து நெல்லும் காய்கறியும் வரும். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது தட்சணை வரும். மற்றப்படி அவரும் தோட்டத்தில் இறைப்பவரே, வயலில் விதைப்பவரே. எண்ண வந்தவர் "தொழில் என்ன?" என்று கேட்டபோது அவர் யாது சொல்லியிருப்பார்? "கமம்" என்றே சொல்லியிருப்பார் என்று நான் கருதுகின்றேன். இன்னும் சிலர் கோயிலிலே புராணத்துக்குப் பயன் சொன்னவர்கள். சிலர் நாடி பார்த்து மருந்து கொடுத்தவர்கள். ஒருவருக்கு ஒரு தொழில் என்னும் கட்டத்துக்குள் அவர்களை அடைத்தால், அடைபட்டு நிற்பது பெரும்பாலும் ஆசிரியத் தொழிலாயிராது.

ஆயினும் அவ்வறிக்கைகளைப் புறந்தள்ளிவிடுதலும் நன்றன்று. 1901ஆம் ஆண்டு மதிப்பைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அம்மதிப்பைப் பற்றிய அவருடைய அறிக்கையைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். எழுத்தறிவுக் கணக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1881ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17.4 பேரே எழுத்தறிந்தவர்; பெண்களிலே நூற்றுக்கு 3.1. 1921ஆம் ஆண்டிலே அத்தொகை 39.9 ஆகவும், பெண்களிலே 21.2 ஆகவும் உயர்ந்தது. நாற்பதே ஆண்டுகள்! நூற்றுக்கு மூவராயிருந்த பெண்கள் இருபத்தொருவராவதற்கு ஊர்தோறும் யாரோ சிலர் காலையும் மாலையும் உட்கார்ந்து கற்பித்திருக்க வேண்டும். எண் உயர்ந்ததை ஏடு சொல்கின்றது, உயர்த்தியவரைச் சொல்லவில்லை.

வியப்பு என்னவெனில், அதற்கு முந்திய ஒல்லாந்தர் காலத்திலே நிலைமை தலைகீழாயிருந்தது. அக்காலத்தில் ஆசிரியரைக் குடிமதிப்பு ஏட்டில் தேடவேண்டியதில்லை. ஏட்டை எழுதியவரே ஆசிரியர். கோயிற்பற்று ஒவ்வொன்றிலும் ஒரு பாடசாலை இருந்தது. வாரநாளிற் பாடசாலையாயிருந்த கட்டடமே ஞாயிற்றுக்கிழமையில் தேவாலயமாகும். பாதிரியார் வராத வாரங்களில் தமிழிலே எழுதிவைத்த பிரசங்கத்தைப் படித்தவரும் ஆசிரியரே. பாடசாலைக்கு வராத பிள்ளைகளுக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானம், கலியாணம் ஆகியவற்றை அவர் பதிந்த ஏட்டுக்கே பாடசாலைத் தோம்பு என்பது பெயர். முதுசத்துக்கும் கலியாணத்துக்கும் அப்பதிவு வேண்டியிருந்தமையால், வீட்டுக்குள்ளே திருநீறணிந்து வழிபட்ட சைவக் குடும்பங்களும் அத்தோம்பிலே பெயர் கொடுத்தன. ஏட்டிலே கிறிஸ்தவர், அடுக்களையிலே சைவர் என்னும் இரட்டை வாழ்க்கையை ஒல்லாந்தப் பாதிரிமாரும் அறிந்தே இருந்தனர். சட்டம்பியாருக்கோ ஊரில் எல்லார் வீட்டுச் செய்தியும் தெரியும்; என்ன எழுதுவது, எதைக் காணாதது போல் விடுவது என்பது அவர் பேனாவிலே இருந்தது. எழுத்துக்குக் கிடைத்த அதிகாரத்தை அதற்கு முன் நம் கிராமம் அவ்வளவு அருகிற் கண்டிருக்குமோ என்பது ஐயமே.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே ஒல்லாந்தர் கால ஆவணங்கள் இன்றும் பேணப்படுகின்றன. ஆனால் எஞ்சிய பாடசாலைத் தோம்புகளிற் பெரும்பகுதி தென்மேற்குக் கரையைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை நமக்குக் கைகொடுப்பவர் பால்டேயஸ் பாதிரியார். 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது உடன்வந்து, சில ஆண்டுகள் இங்கே தொண்டாற்றிய அவர், 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலிலே தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று ஊர்தோறும் இருந்த தேவாலயத்தையும் பாடசாலையையும் விவரித்துப் படங்களும் சேர்த்திருக்கின்றார்.

தெல்லிப்பழையையே எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தரின் கட்டடம் நின்ற அவ்வூரிலே 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூர் பாதிரியார் வந்து பாடசாலை நிறுவினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராகச் செல்லும்வரை அங்கேயே கற்பித்தார். 1910ஆம் ஆண்டிலே அதே ஊரிற் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியைத் தோற்றுவித்தார். இப்பெயர்களை ஊரார் அறிவர். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலே தொண்ணூற்றுநான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அக்காலத்தில் அயலூர்ப் பாடசாலைகளிற் படிப்பித்துவிட்டு மாலையில் ஒழுங்கை வழியே நடந்து வந்த உபாத்திமாரும், மணமுடித்தபின் வேலையை விட்ட ஆசிரியைமாரும் எத்தனை பேர்! அவர்களையே நாம் தேடவேண்டும்.

எங்கே தேடுவது? 1869ஆம் ஆண்டிலே கல்விப் பகுதி தனியாக அமைந்து, உதவி நன்கொடை முறை விரிவடைந்தபின், நன்கொடை பெற்ற பாடசாலை ஒவ்வொன்றும் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. அதன் பயனாக வந்த சேர்வு இடாப்பும் வரவு இடாப்பும் சம்பவத் திரட்டும் பழைய பாடசாலைகளின் அலுமாரிகளிலே கிடக்கலாம். இன்ன நாள் இன்ன ஆசிரியர் கடமையேற்றார், இன்ன நாள் காய்ச்சலினால் வரவில்லை, பரிசோதகர் வந்து வாய்பாடு கேட்டார் என்று அச்சம்பவத் திரட்டிலே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி, அச்சிட்ட அட்டவணை நூறுக்குச் சமம். 1960, 1961ஆம் ஆண்டுகளிலே அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரையில் ஆசிரியரை நியமித்தவர்கள் முகாமையாளர்கள். மிஷன்களும், 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் வைத்திருந்த நியமனக் கடிதங்களும் சம்பளப் பேரேடுகளும் ஆசிரியர் பெயரை அறிய நல்ல வாயில்கள். பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஒழுங்குபெற்றது. கலியாணப் பதிவிலே மணமக்களின் தகப்பன்மார் என்ன தொழில் செய்தனர் என்பதும் எழுதப்படும். மகளுக்குக் கலியாணம் எழுதிய அன்று, பெருமையோடு தம் தொழிலை 'ஆசிரியர்' என்று சொன்ன தந்தையை அங்கே சந்திக்கலாம்.

இவையெல்லாம் எஞ்சியிருந்தால் என்னும் நிபந்தனை ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. மரநிழலிலும் இரவற் கட்டடங்களிலும் ஆண்டுக்கணக்காக நடந்த அப்பாடசாலைகள் தம் அலுமாரிகளையெல்லாம் தூக்கிச் சென்றிருக்க இயலாது. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபின் திரும்பியவர்களிற் பலர் கண்டது சுவரற்ற அத்திவாரத்தையே.

எனினும், ஓடும்போது சனங்கள் மறக்காமல் எடுத்துச் சென்ற கடதாசி ஒன்று உண்டு. அது காணி உறுதி. பிள்ளையை ஒரு கையிலும் உறுதிப் பெட்டியை மறு கையிலும் கொண்டு நடந்தவர்கள் நாம். அந்த உறுதிகளிலே எல்லையைப் பார்ப்போம், பரப்பைப் பார்ப்போம். கடைசிப் பக்கத்தை யார் பார்க்கின்றார்? நொத்தாரிசின் கையொப்பத்துக்கு அயலிலே சாட்சிகள் இருவர் ஒப்பமிட்டிருப்பர். எழுத்தறிந்தவர் அருகியிருந்த காலத்திலே சாட்சிக்கு அழைக்கப்படத் தக்கவர் யாராயிருந்திருப்பார்? அடுத்த விடுமுறையிலே உங்கள் பாட்டியாரிடம் பெட்டியைத் திறந்து தருமாறு கேட்டு, நூறாண்டுக்கு முந்திய உறுதி ஒன்றை எடுத்து அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் பாட்டியாருக்கே வாசித்துக் காட்டுங்கள். "அவர் எங்கடை ஐயாவுக்குப் படிப்பிச்ச சட்டம்பியார் அல்லோ" என்று அவர் சொல்லவும் கூடும்.