கீலங்களை அடுக்குவதும் சிந்தனையே

2002இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்திலும் பழைய போர்வைகள் சில சுவர்களில் தொங்கவிடப்பட்டன. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் ஜீஸ் பென்ட் என்ற கிராமத்தின் கறுப்பினப் பெண்கள் தைத்தவை அவை. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் சந்ததியினர் அவர்கள். விமர்சகர்கள் அப்போர்வைகளை நவீன அரூப ஓவியங்களுடன் ஒப்பிட்டு வியந்தார்கள். இத்தகைய வியப்புக்குள் பெரும்பாலும் ஓர் அவமதிப்பும் ஒளிந்திருக்கிறது: இப்பெண்கள் அறியாமலே, வெறும் உள்ளுணர்வால் இதனைச் செய்துவிட்டார்கள் என்பது. இக்கருத்தை நான் மறுக்கிறேன். அதற்கு, துணிக்கீலங்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

அங்கு பெரிதும் விரும்பித் தைக்கப்பட்ட வடிவம் ‘ஹவுஸ்ரொப்’, அதாவது வீட்டுக்கூரை. நடுவில் ஒரு சதுரத் துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு கீலம். பிறகு துணியைத் திருப்பி, சதுரத்தின் அடுத்த பக்கத்தையும் முதற் கீலத்தின் முனையையும் சேர்த்து மூடும்படி இரண்டாவது கீலம். இப்படியே சுற்றிச் சுற்றிப் போக, கீலங்கள் வரவர நீளும்; சதுரத்துக்குள் சதுரமாகப் போர்வை வளரும். சுற்றாமல், எதிரெதிர்ப் பக்கங்களில் சோடியாக வைத்தால் அது செங்கல் அடுக்கும் முறை. ‘லொக் கபின்’ என்ற பரவலான வடிவமும் இதற்கு உறவுதான். அதில் அடுத்தடுத்த இரு பக்கங்களுக்கு வெளிர் கீலங்கள், மற்ற இரு பக்கங்களுக்குக் கருங்கீலங்கள். சதுரம் மூலைக்கு மூலை வெயிலும் நிழலுமாகப் பிரியும். அத்தகைய சதுரங்களைத் திருப்பி வைக்கும் விதத்தைப் பொறுத்து உழுத சால்களும் தோன்றும், வைர வடிவங்களும் தோன்றும்.

இங்கு நிறத்தைவிட வெளிர்மையும் கருமையுமே முக்கியம். சிவப்பும் பச்சையும் ஒரேயளவு கருமையானவையென்றால் எட்டத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே கீலங்களை நிலத்தில் பரப்பி, தள்ளி நின்று, கண்ணை அரைவாசி மூடிப் பார்க்கவேண்டும். நீளக் கீலங்கள் எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து தைத்துக்கொண்டு போனால் துணி வில்லாக வளையும். தையல் இயந்திரத்தின் பல் கீழ்த்துணியைச் சற்றுக் கூடுதலாக இழுப்பதே காரணம். ஒன்றை இந்த முனையிலிருந்தும் அடுத்ததை மறுமுனையிலிருந்தும் தைத்தால் அது சரியாகும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர், நான் வேலை செய்யும் மெத்தையுறைத் தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் ஒரு வயதான பெண். காரணத்தையும் அவரே விளக்கினார். விரிவுரை மண்டபத்தில் நின்ற காலத்தில், இவரைப் போன்றவர்களின் அறிவை ‘அனுபவம்’ என்ற ஒற்றைச் சொல்லால் நான் கடந்துபோயிருக்கிறேன்.

ஜீஸ் பென்டில் துணி கடையிலிருந்து அளவாக வரவில்லை. தேய்ந்த வேலை உடுப்புகளில் மிஞ்சிய நல்ல பகுதியே கீலத்தின் அகலத்தைத் தீர்மானித்தது. 1942இல் மிசூரி பெற்வே, இறந்துபோன கணவரின் உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அதைப் போர்த்திக்கொண்டு அவரை நினைத்திருப்பதற்காகவே தைத்தார் என்று மகள் பின்னர் சொன்னார். அகலத்தைத் துணி தீர்மானித்தாலும், எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதைத் தீர்மானித்தவர் அவரே.

இன்னொரு சான்றும் உண்டு. அப்பகுதிப் பெண்கள் 1966இல் ‘ஃபிரீடம் குயில்ற்றிங் பீ’ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். 1972இல் சியேர்ஸ் நிறுவனத்துக்குக் கோடுறோய்த் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. ஒப்பந்த வேலையில் எல்லா உறையும் ஒரே அளவாக இருக்கவேண்டும். மிஞ்சிய கோடுறோய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின; அங்கே அவை கோணலும் அகலக்குறைவுமாக, ஒன்றுபோல் ஒன்றில்லாத போர்வைகளாயின. அளவாகத் தைக்கத் தெரிந்த ஊரில் கோணல் என்பது இயலாமையல்ல, தெரிவு.

உழைக்கும் மக்களின் கலையைப் பற்றி நாமும் நிறைய எழுதுகிறோம். ‘உள்ளுணர்வு’ என்று எழுதுமுன், செய்தவர் பக்கத்தில் இருந்தால், ஏன் இதை இங்கு வைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்கலாம். என் பக்கத்து இயந்திரத்துப் பெண்ணிடம் அதைக் கேட்க எனக்கு நான்கு வருடங்கள் எடுத்தன.