உடன் நடப்போம்

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப்பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. உடல் எடை மிகுந்த தம்பியை முதல்நாளே அதனை முழுவதும் சுற்றிவரச் சொன்னால், மறுநாள் கால்கள் வலிக்கும், மனமும் சோர்ந்துவிடும். எண்திசைக்கும் ஒன்றாக அப்பாதையில் அமைந்துள்ள எட்டு லிங்கங்களை எல்லைக்கற்களாகக் கொள்ளலாம். முதலில் இந்திரலிங்கம் தொடங்கி அக்கினிலிங்கம் வரை நடக்கலாம். உடல் பழகியபின் எமலிங்கம், நிருதிலிங்கம் எனத் தொலைவை நீட்டலாம். பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதுமானது.

5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கு நடை எளிய தொடக்கமாகும்.

உணவிலும் மாற்றம் தேவை. முன்னுண்டது செரித்தபின் அளவோடு உண்பதன் நன்மையைத் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ விளக்குகிறது. வளரும் பருவத்தில் பட்டினி தீர்வாகாது. இனிப்புப் பானங்களையும் எண்ணெய்ப் பண்டங்களையும் தம்பிக்கு மட்டும் மறுப்பது தண்டனை. குடும்பமே குறைத்துக்கொள்வது துணை.

உடற்பருமனுக்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. மரபுக்கூறு, உறக்கக்குறைவு, சில நோய்கள் ஆகியனவும் காரணமாகலாம். எனவே, மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் நன்று. கேலி எவரையும் நடக்கவைப்பதில்லை. தம்பி மூச்சுவாங்கி நிற்குமிடத்தில் நாமும் நின்றால், மறுநாளும் அவன் நம்முடன் புறப்படுவான்.