பானைக்குள் பாம்பு

இந்த மண்பானைகளில் உயிருள்ள நச்சுப்பாம்புகள் இருக்கின்றன: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பாம்பு விரும்பும் இருட்டும் குளிர்ச்சியும் பானைக்குள் உண்டு. வாயில் கட்டிய பருத்தித் துணி வழியே காற்று போகும்.

இவற்றைப் பிடித்துவரும் இருளர் பழங்குடியினர், முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து தோல் வணிகம் நின்றது, வயிற்றுப்பாடு கேள்விக்குறியானது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் அவர்கள் தொடங்கியதே வடநெம்மேலியில் உள்ள இந்தக் கூட்டுறவுச் சங்கம். அன்று கொன்று விற்ற பாம்பை இன்று உயிரோடு காப்பாற்றுகிறார்கள்.

பாம்பின் தலையைப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்கவிடுவார்கள். பல் சவ்வைத் துளைக்க, நஞ்சு உள்ளே சொட்டும். சுருட்டை விரியனிடம் ஒருமுறைக்குக் கிடைப்பது சில மில்லிகிராம்தான். எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்தித் தூளாக்குகிறார்கள். மருந்து நிறுவனங்கள் அதைச் சிறுசிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நச்சுமுறிவு மருந்து தயாரிக்கின்றன. பாம்பு கடித்தவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்படும் மருந்துக்குப் பின்னால் இருளர்களின் கைத்திறன் இருக்கிறது. குப்பியில் அவர்கள் பெயர் இல்லை. இந்தப் பலகையிலாவது இருக்கட்டும்.

சில வாரங்களில் சிலமுறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சிறு வெட்டு இட்டு, பாம்பைக் காட்டில் விடுகிறார்கள். அந்த வெட்டு தெரிந்தால், அதே பாம்பை உடனே மீண்டும் பிடிக்கமாட்டார்கள்.

பானைகளைத் தட்ட வேண்டாம். அதிர்வைப் பாம்பு உடலால் உணரும்.