ஃபேர்னஸ் திருத்தச் செலவு: வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

கனடாவில் நம் வர்த்தகர்களுக்கு வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டுமல்ல. கடைக்கு முதல் போட்டவர்களில் பலர் வீட்டை ஈடுவைத்தே அந்த முதலை எடுத்திருக்கிறார்கள். சரக்கு இறக்கக் காசு தட்டுப்பட்டால் வங்கியில் முதலில் விசாரிப்பதும் வீட்டைப் பற்றித்தான். அந்த வீட்டின் பேஸ்மென்றில் இருக்கும் காஸ் ஃபேர்னஸ் ஜனவரிக் குளிரில் நின்றுபோனால், அன்று எடுக்கும் முடிவு வியாபாரத்தையும் வந்து தொடும். சில நூறு டொலரில் முடியவேண்டிய திருத்தம் பத்தாண்டு வாடகை ஒப்பந்தமாக மாறிய கதைகள் ரொறன்ரோவில் ஏராளம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். குளிரில் நடுங்குபவனுக்கும் அப்படித்தான். ஆகவே குளிர் வருமுன்னரே இவற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது.

அழைக்குமுன் பார்க்க வேண்டியவை

திருத்துபவர் வீட்டு வாசலுக்கு வந்தாலே ஒரு கட்டணம் உண்டு. பெரும்பாலும் அது 100 முதல் 200 டொலர் வரை இருக்கும். இரவிலும் விடுமுறை நாளிலும் இன்னும் கூடும். எனவே அழைக்குமுன் நான்கு காரியங்களைப் பாருங்கள். தேர்மோஸ்ரற்றின் பற்றரி இறந்திருக்கிறதா? ஃபேர்னஸின் சுவிச்சை யாராவது தவறுதலாக அணைத்துவிட்டார்களா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா? பில்ரர் தூசியால் அடைத்திருக்கிறதா? வீட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் வெள்ளைக் குழாய்களின் வாயைப் பனி மூடியிருக்கிறதா? இவற்றில் ஒன்றே காரணமாக இருந்தால் உங்களுக்குச் செலவு பற்றரி அல்லது பில்ரர் விலை மட்டும்தான்.

காஸ் மணம் வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சுவிச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியே நின்று காஸ் நிறுவனத்தின் அவசர இலக்கத்தை அழையுங்கள்.

எந்தப் பழுதுக்கு எவ்வளவு

திருத்தச் செலவில் மூன்று பகுதிகள் உண்டு: வந்து பார்க்கும் கட்டணம், உதிரிப்பாகத்தின் விலை, வேலைக்கூலி. ஒன்றாரியோவில் இவற்றின்மேல் 13 வீத வரியும் சேரும். அரிசி மூட்டை கொள்முதல் செய்யும்போது மூட்டை விலை என்ன, ஏற்றுகூலி என்ன என்று தனித்தனியே கேட்கிறோம் அல்லவா? இங்கும் அப்படியே கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்பவரிடம் பிரித்துத் தரச் சொல்வதில் வெட்கம் இல்லை.

அடுப்பு பற்றிச் சில விநாடிகளில் அணைந்துவிட்டால், பெரும்பாலும் சுவாலையை உணரும் சிறு கம்பியில் அழுக்குப் படிந்திருக்கும். துடைத்தாலே போதும். பற்றவே இல்லை என்றால் பற்றவைக்கும் பாகம் போயிருக்கலாம். இது சில நூறு டொலருக்குள் அடங்கும். காற்றைத் தள்ளும் மோட்டார், புகையை வெளியேற்றும் மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை அதற்கு மேல். மோட்டார் ஆயிரம் டொலரைத் தாண்டுவதும் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு. இதை மாற்றுவது பல ஆயிரம் டொலர் வேலை.

மாற்றச் சொல்லும் முன் உத்தரவாதப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பல தயாரிப்பாளர்கள் உதிரிப்பாகங்களுக்குப் பத்தாண்டும், வெப்பப் பரிமாற்றிக்கு அதைவிடக் கூடுதலாகவும் உத்தரவாதம் தருகிறார்கள். பூட்டிய உடனே பதிவுசெய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு. வேலைக்கூலி பொதுவாக இதில் அடங்காது.

வெடிப்பு என்று சொன்னால்

வெடிப்பு இருந்தால் நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு வாயு வீட்டுக்குள் வரக்கூடும். உயிர் போகும் விடயம். அதனால்தான் படுக்கையறைகளுக்கு அருகே இந்த வாயுவை உணரும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்றாரியோவில் 2014 முதல் சட்டம். உடனடி ஆபத்து என்று கண்டால் திருத்துபவர் காஸை மூடிவிட்டுச் சிவப்பு அட்டை கட்டுவார். அவரோடு வாதாடிப் பயனில்லை. ஆனால் ஆபத்து உண்மையானது என்பதாலேயே அதைச் சொல்லிப் பயமுறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். வெடிப்பைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேர்னஸை அணைத்தே வைத்துவிட்டு, இன்னொருவரையும் அழைத்துக் காட்டுங்கள். ஒரு இரவை மின்சார ஹீற்றரோடு கடத்தலாம்.

யார் வந்தாலும் ரி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் பாதுகாப்பு அதிகாரசபையில் அவரது நிறுவனம் பதிவானதா, அவரிடம் காஸ் தொழில்நுட்பவியலாளர் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தெரிந்த பொடியன் மலிவாகச் செய்வான் என்று அனுமதி இல்லாதவரைக் காஸ் வேலைக்கு விடாதீர்கள். பேஸ்மென்றில் குடியிருப்பவர்களின் உயிருக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

திருத்துவதா, மாற்றுவதா?

நல்ல ஃபேர்னஸ் 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். வயது பதினைந்தைத் தாண்டி, திருத்தச் செலவும் புதியதன் விலையில் பாதியை நெருங்கினால் மாற்றுவதே புத்தி. பத்து வயது ஃபேர்னஸில் மோட்டார் போனால் மோட்டாரை மாற்றுங்கள்.

காஸ் செலவு மிச்சம் என்று சொல்லி விற்பவரிடம் ஒரு சிறு கணக்கைக் காட்டுங்கள். பழையது 80 வீதத் திறன், புதியது 95 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டைச் சூடாக்க ஆண்டுக்கு 1,000 டொலர் காஸ் எரித்தால், புதியதில் ஏறக்குறைய 842 டொலர் ஆகும். மிச்சம் 158 டொலர். 5,000 டொலர் ஃபேர்னஸ் இந்த மிச்சத்தால் மட்டும் முதலை எடுக்க முப்பது ஆண்டுக்கு மேல் செல்லும். ஒழுங்காக ஓடும் ஃபேர்னஸைக் கழற்ற இது காரணம் ஆகாது.

மாத வாடகை என்னும் பொறி

முற்பணம் வேண்டாம், மாதம் 100 டொலர் மட்டும் என்பார்கள். பத்தாண்டுக்கு 120 மாதம், 12,000 டொலர். வரியோடு 13,560. ஆண்டுதோறும் வாடகை கூடும் என்ற நிபந்தனை இருந்தால் இன்னும் மேலே போகும். நம் கடைக்கு வருபவரிடம் 5,000 டொலர்ச் சரக்கை இந்த விலைக்கு விற்க நமக்கே மனம் வராது.

இதைவிடக் கேடு, இப்படிப்பட்ட நிறுவனங்கள் வீட்டு உறுதியின் மேல் பிணை அறிவித்தல் ஒன்றைப் பதிந்துவந்ததுதான். வீட்டுக்காரருக்கு அது தெரியாது. வீட்டை விற்கவோ கடனைப் புதுப்பிக்கவோ போகும்போதுதான் வெளிவரும். அதை நீக்கப் பல ஆயிரம் டொலர் கேட்பார்கள். கடைக்குக் கடன் எடுக்க வங்கியில் நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2024 ஜூன் மாதம் ஒன்றாரியோ அரசு, நுகர்பொருட்களுக்காக இவ்வாறு பதிவதைச் சட்டத்தால் நிறுத்தியது. ஏற்கெனவே பதிந்தவையும் செல்லுபடியற்றவை ஆயின. ஆனால் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அதனால் மறைந்துவிடாது, வாடகை வாடகைதான்.

கையிலுள்ள உரிமைகள்

2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வீடு தேடி வந்து ஃபேர்னஸ் ஒப்பந்தம் செய்வது ஒன்றாரியோவில் தடை. அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லாது. நீங்களாக அழைத்து வீட்டில் வைத்து ஒப்பமிட்டிருந்தாலும், பத்திரப் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். விலகுவதை எழுத்தில் அறிவியுங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை குறித்திருந்தால் அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. ஆகவே மதிப்பீட்டை எப்போதும் எழுதி வாங்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பாதுகாப்புகள் வீட்டுக்காரருக்கு உரியவை. கடைக் கூரையில் பூட்டும் இயந்திரத்துக்குக் கடையின் பெயரில் ஒப்பமிட்டால் இந்தப் பத்து நாளும் இல்லை. அங்கே ஒப்பமிடுமுன் வாசிப்பது ஒன்றே காவல்.

இவ்வாண்டு ஒக்டோபருக்குள் ஃபேர்னஸை ஒருமுறை சுத்தம் செய்வித்து, அதன் வயதை ஒரு தாளில் எழுதி உத்தரவாதப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நம்பிக்கையான இரண்டு திருத்துநர்களின் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே எழுதுங்கள். நாம் கடையில் நிற்கும் நேரத்தில் குளிரில் கதவைத் திறப்பது மனைவியோ வயது முதிர்ந்த பெற்றோரோதான். ஆகவே அவர்களிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: யார் வந்தாலும், எந்தத் தாளிலும் அன்று கையொப்பம் இல்லை.