ஆமை நடை: மணலில் நடக்கும் பள்ளி

கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பில் இளைஞர்களைப் பழக்கும் முயற்சிகளுள் இந்தியாவில் நெடுங்காலமாகத் தொடர்ந்து வருவது, சென்னையின் 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு' நடத்தும் இரவு நடையாகும். 1970களில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலான பாம்புப் பண்ணையினர் தொடங்கிய இப்பணி, பின்னர் அரசு நிறுவனங்களின் கைக்குச் சென்று, 1988இல் கல்லூரி மாணவர்களிடம் வந்து சேர்ந்தது. அன்று முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையை அவர்கள் ஒவ்வொரு முட்டையிடும் பருவத்திலும் நடந்தே காத்து வருகின்றனர்.

அவர்கள் தேடுவது பங்குனி ஆமையை. பெயரில் பங்குனி இருந்தாலும், இது முட்டையிடத் தை மாதத்திலேயே கரையேறத் தொடங்கிவிடுகிறது. பெண் ஆமை மணலில் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் குடுவை வடிவக் குழி பறித்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். துடுப்புக் கால்கள் விட்டுச்சென்ற தடத்தைப் பின்பற்றிச் செல்லும் மாணவர், மெல்லிய கோலை மணலில் செலுத்தி, அது இளகி இறங்கும் இடத்தைக் கொண்டு குழியைக் கண்டறிந்து, பிறகு கையால் மட்டுமே தோண்டுகிறார். குழியின் ஆழமும் அகலமும் அளக்கப்படுகின்றன; ஏனெனில் முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கும் வேலியிட்ட இடமான பொரிப்பகத்தில் அதே அளவில் செயற்கைக் குழி அமைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் மாற்றாவிட்டால், ஓட்டின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்கும் கரு அசைவினால் சிதையக்கூடும். சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். அவை ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவுசெய்கிறது, சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளே பெருகும். வெளிவரும் குஞ்சு வெளிச்சமான திசையை நாடுவதால், கடலின் மங்கலான ஒளியை விட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து மடிவதும் உண்டு.

இவ்வளவு செய்திகளும் ஒரு மாணவருக்குப் பாடநூலில் கிடைக்கும். ஆனால் நள்ளிரவில் பல கிலோமீட்டர் நடந்து, பெரும்பாலான இரவுகளில் வெறுங்கையோடு திரும்பும் பொறுமையைப் பாடநூல் கற்றுத்தராது. தொடக்ககால மாணவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியராகி, 2008இல் அந்நகரிலேயே கடலோரப் பாதுகாப்புக்கான 'தக்ஷின்' அறக்கட்டளை உருவாகவும் துணைநின்றார். கடலே இல்லாத ஊரில் படிக்கும் மாணவருக்கும் இத்துறையில் இடமுண்டு என்பதற்கு இதுவே போதுமான சான்று.

எனினும் விடுமுறை முடிந்ததும் மாணவர் ஊர் திரும்புவார். கடற்கரையிலேயே வாழ்வோர் மீனவர். 2002இல் சுப்ரஜா தாரிணி நீலாங்கரையில் நிறுவிய 'ட்ரீ' அறக்கட்டளை இதை உணர்ந்து, மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றுவித்தது. முட்டைகள் ஒருகாலத்தில் உணவாகச் சென்ற வீடுகளிலிருந்தே காவலர்கள் கிடைத்தது, எந்தப் பிரசாரத்தாலும் பெற முடியாத பலன்.

ஆயினும் இப்பயிற்சி இதுவரை பெரும்பாலும் மணலோடு நின்றுவிட்டது. 2025 ஜனவரியில் சென்னையையும் அதை அடுத்துள்ள கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மீனைப் போல நீரில் மூச்சுவிடுவதில்லை; இழுவை வலைக்குள் நெடுநேரம் சிக்கினால் மூச்சுத்திணறி இறந்துவிடும். கரையையொட்டிய கடலில் இழுவைப் படகுகளுக்குத் தமிழ்நாட்டில் சட்டப்படி தடை உண்டு. சிக்கிய ஆமை வெளியேற வலையில் பொருத்தும் தடுப்புக் கம்பிச் சட்டமும் உண்டு. குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே பருவமடையும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு; அப்படிப் பிழைத்து வளர்ந்த ஆமை வலையில் மடிந்தால், பொரிப்பகத்தின் பல இரவு உழைப்பு வீணாகிறது. அடுத்த தலைமுறைக்கான பயிற்சி சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து இழுவைப் படகுகளின் தளத்திலும் நடந்தாக வேண்டும்.