தீர்ப்புக்கு முன் சேரவேண்டிய காசு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பெண் கணவனிடம் அடிபட்டாலோ, ஒரு பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானாலோ, நீதி கேட்டுப் போகும் வழி வாவியைக் கடந்துதான் போகிறது. வெல்லாவெளிப் பக்கத்தவர்கள் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். கொக்கட்டிச்சோலைக்காரருக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. அதற்கு முன்னர் அவர்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் ஏறி, அது அக்கரை சேரும்வரை காத்து நின்றவர்கள். பாலங்கள் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு வழக்கு கேட்கும் பயணங்களின் எண்ணிக்கையை எந்தப் பாலமும் குறைக்கவில்லை.

முதலில் பொலிஸ் முறைப்பாடு. பிறகு ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை. பிறகு நீதவான் முன்னிலையில் தவணைகள். பாரதூரமான குற்றமென்றால் வழக்குக் கோவை கொழும்பிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். மரபணுப் பரிசோதனை வேண்டுமென்றால் மாதிரிகளும் தலைநகரப் பக்கம்தான் போகவேண்டும். அங்கிருந்து குற்றப்பத்திரம் வந்து, மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்குவதற்குள், சம்பவத்தின்போது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டியிருக்கும். தவணை நாளென்றால் அன்றைய கூலி போச்சு என்பதுதான் வயலிலும் வாவியிலும் வேலை செய்யும் குடும்பங்களின் கணக்கு. தாய் போனால் பிள்ளையோடு துணைக்கு இன்னொருவரும் போகவேண்டும். அவருடைய கூலியும் போச்சு.

இந்த நெடும் பயணத்தில் அரசு எங்கே செலவழிக்கிறது என்று பார்ப்போம். சந்தேகநபரைச் சிறையில் வைத்துச் சோறு போடுகிறது. சிறைச்சாலை பஸ்ஸில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறது. மேல் நீதிமன்றத்தில் அவருக்குச் சட்டத்தரணி இல்லையென்றால், அரச செலவில் ஒருவரை நியமிக்கிறது. இவையெல்லாம் அவசியமானவை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை கிடைக்காத நாட்டில் எவருக்கும் நீதி கிடைக்காது. நான் கேட்பது, அதே வழக்கின் மறுபக்கத்தில் நிற்கும் அந்தத் தாயின் பஸ் காசைப் பற்றி.

உலகத்துக்கே இது பிந்தி வந்த யோசனைதான். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசே நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது நியூசிலாந்து, 1963இல். அடுத்த ஆண்டு பிரித்தானியா அந்த வழிக்கு வந்தது. 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி பற்றி ஒரு பிரகடனத்தை நிறைவேற்றியது. இந்தியா 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் குற்றவியல் நடவடிக்கைக் கோவையில் 357ஏ பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு மாநிலமும் ஒரு நட்டஈட்டுத் திட்டம் வைத்திருக்கவேண்டும் என்றது. அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருந்தது. குற்றவாளி யாரென்று தெரியாமல், வழக்கே நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்கலாம் என்றது அது. காயம் பட்டது உண்மை என்றால் போதும்.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்குவதற்கான சட்டம் அது. அதன்கீழ் ஒரு தேசிய அதிகாரசபை அமைந்தது. பொலிஸில் ஒரு பிரிவு அமைந்தது. ஒரு நிதியமும் உருவானது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் சாட்சி அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் இருந்தபடியே காணொளி வழியாகச் சாட்சியம் சொல்ல அது இடம் கொடுக்கிறது. பாதிப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்களுக்கு இது சிறிய விடயமில்லை.

சட்டத்தைப் படித்தால் மனம் நிறையும். பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை பெறும் உரிமை இருக்கிறது. வழக்கின் போக்கை அறியும் உரிமை இருக்கிறது. வழக்குக்கு வந்துபோகும் செலவைக் கேட்கும் வழியும் இருக்கிறது. கேட்கவேண்டியது அதிகாரசபையிடம். அதிகாரசபையின் அலுவலகம் இருப்பதோ தலைநகரப் பக்கத்தில். வாகரையில் இருந்தோ மண்டூரில் இருந்தோ ஒரு பெண் இப்படியொரு நிதியம் இருப்பதை அறிந்து, விண்ணப்பம் எழுதி, ஆவணங்கள் இணைத்து அனுப்பி, பதில் வரும்வரை தவணைக்குத் தவணை கடன் வாங்கிப் போய்வர வேண்டும். உரிமையைத் தாளில் வைத்துவிட்டு அதை அடையும் செலவை அவள் தலையில் வைத்திருக்கிறோம்.

தீர்ப்பு வந்தால் என்ன கிடைக்கும்? குற்றவாளி நட்டஈடு கட்டவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். பாலியல் வல்லுறவு வழக்குகளில் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் அதைக் கட்டாயமாகவே ஆக்கியது. ஆனால் கட்டத் தவறினால் மேலதிகச் சிறை என்பதோடு சட்டத்தின் கை நின்றுவிடுகிறது. கையில் காசில்லாதவன் அந்தச் சிறையையும் சேர்த்து இருந்துவிட்டுப் போவான். பாதிக்கப்பட்டவளுக்குத் தீர்ப்பின் பிரதி மிஞ்சும். நீதிமன்றம் எழுதிய தொகையை நிதியம் உடனே கொடுத்துவிட்டு, குற்றவாளியிடம் அறவிடும் வேலையை அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டால் என்ன? அறவிடும் வசதி அரசிடம்தான் இருக்கிறது. மருந்துக்குக் காசில்லாதவளிடம் அது இல்லை.

நிதியத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கவேண்டியது. நாடாளுமன்றம் ஒதுக்குவது ஒரு பங்கு. நன்கொடைகள் ஒரு பங்கு. குற்றவாளிகள் மீது விதிக்கப்படும் தண்டப்பணத்தோடு சேர்த்து அறவிடப்படும் தொகை இன்னொரு பங்கு. இந்தக் கடைசி வழியை நம்பியிருப்பதன் ஆபத்தை அமெரிக்கா நன்றாக அறிந்திருக்கிறது. அங்கே 1984இல் உருவான குற்றப் பாதிப்பு நிதியம் வரிப்பணத்தை எடுக்காமல் கூட்டாட்சி நீதிமன்றங்களின் தண்டப்பணத்தில் ஓடுகிறது. பெரிய நிறுவனங்கள் குற்றத்தீர்ப்பைத் தவிர்த்து வழக்குத்தொடுநருடன் உடன்படிக்கை செய்து பணத்தைக் கட்டத் தொடங்கியபோது, அந்தப் பணம் நிதியத்துக்கு வராமல் பொதுத் திறைசேரிக்குப் போனது. நிதியம் வற்றியது. பெண்களுக்கான புகலிடங்களும் ஆலோசனை நிலையங்களும் ஆட்டம் கண்டன. 2021இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பணத்தையும் நிதியத்துக்குத் திருப்பவேண்டி வந்தது. அவ்வளவு பெரிய நாட்டிலேயே இந்த நிலை என்றால், பழைய சட்டங்களில் சின்னத் தொகைகளாகக் கிடக்கும் எங்கள் தண்டப்பணங்களை நம்பி ஒரு நிதியத்தை ஓட்டமுடியாது. வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென்று உறுதியான ஓர் ஒதுக்கீடு வேண்டும்.

மட்டக்களப்பு இதைச் சொல்வதற்குத் தனியான காரணம் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களில் சத்துருக்கொண்டான் படுகொலை. 1991 ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் படுகொலை. கடைசிச் சம்பவத்துக்கு ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவே அமைந்தது. நட்டஈடு கொடுக்கவும் அது பரிந்துரைத்தது. கொன்றவர்கள் யாரும் குற்றவியல் நீதிமன்றத்தில் கொலைக்குற்றத்துக்குத் தண்டிக்கப்படவில்லை. காணாமற்போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. இழப்பீடுகளுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. இரண்டும் வருவதற்குள் பல தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். முஸ்லிம் ஊராயினும் தமிழ் ஊராயினும் இந்த வாவிக்கரை கண்டது ஒன்றுதான். குற்றத்தீர்ப்பு வந்தால்தான் காசு என்று வைத்தால் இங்கே பெரும்பாலானோருக்குக் காசே இல்லை.

பிறகு 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. நகரத்தின் நடுவில் சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரம். அங்கே வெடித்த குண்டில் 31 பேர் போனார்கள். அவர்களில் 14 பேர் பிள்ளைகள். நாடு முழுவதும் அன்று 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இறந்த ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபா என்று அரசு அறிவித்தது. அறிவித்த வேகத்தைக் குறைசொல்ல மாட்டேன். எங்கள் அனுபவத்தில் அது புதிது. ஆனால் இறப்புக்கு ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடிக்கலாம். உடம்பில் குண்டுச் சிதறலோடும் எரிகாயத்தோடும் தப்பிய பிள்ளைக்கு அப்படி முடியாது. வளரும் உடம்பில் தழும்பு இறுகும், திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை வேண்டும், பள்ளிக்கூடம் போக மனம் வராது, இரவில் திடுக்கிட்டு எழும். அந்தச் செலவு பத்து வருடம் ஓடும்.

இந்தக் குண்டுவெடிப்புகள் பற்றிய வழக்கில்தான் நாட்டின் உயர் நீதிமன்றம் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்தார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்றார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா கட்டவேண்டும். முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் ஆளுக்கு 7.5 கோடி. முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. தேசிய புலனாய்வுப் பிரிவின் முன்னாள் தலைவர் சிசிர மெண்டிஸ் 1 கோடி. தங்கள் சொந்தப் பணத்தில் கட்டவேண்டும், அது இழப்பீடுகளுக்கான அலுவலகத்தில் ஒரு நிதியமாகச் சேரவேண்டும், அலுவலகம் திட்டம் வகுத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிரவேண்டும் என்பது கட்டளை. சிறிசேன தவணை முறையில் கட்டி முடித்தது 2024 ஆகஸ்டில். அதாவது குண்டு வெடித்து ஐந்து வருடம் கழித்து.

பதவியில் இருந்தவர்கள் சொந்தக் காசில் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு நீதிமன்றம் எழுதியது இந்த நாட்டில் மறக்கக்கூடாத விடயம். அதோடு அந்தத் தீர்ப்பை விட்டுவிடவும் கூடாது. அங்கே மனுதாரர்கள் இருந்தார்கள், பெரிய சட்டத்தரணிகள் இருந்தார்கள், உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்று சொன்னது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். வாங்கிய இரவு எங்கே தூங்குவது, அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது, இந்தக் கேள்விகளுக்குப் பெண் வீட்டாரும் அயலும்தான் பதில்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது பொய்யாகிவிடும். அரச வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சு ‘நட்பு நிலையம்’ நடத்துகிறது. அங்கே ஒரு தாதி உத்தியோகத்தர் கதவைச் சாத்திவிட்டு அமைதியாகக் கேட்கும் அரை மணிநேரம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். 1938 பெண்களுக்கான அழைப்பு இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் இரவில் அழைத்தவளைப் பகலில் கூட்டிக்கொண்டு பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் வேலையை மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள்தான் நீண்டகாலமாகச் சுமக்கின்றன. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களின் தொடக்கத்தில், யுத்தத்தில் இடம்பெயர்ந்த பெண்களின் நடுவில் உருவானது. இப்படியான அமைப்புகளின் காசு பெரும்பாலும் வெளிநாட்டுத் திட்டக் காசு. ஒரு திட்டம் இரண்டு வருடம், மூன்று வருடம். வழக்கு ஏழு வருடம். திட்டம் முடியும்போது வழக்குக்குத் துணைபோன ஆலோசகரும் போய்விடுகிறார். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது இலங்கையிலும் பல திட்டங்கள் ஒரே இரவில் நின்றன. ஒரு பிள்ளையின் சாட்சியம் வொஷிங்டனில் எடுக்கும் முடிவில் தங்கியிருக்கக்கூடாது.

செய்யக்கூடியது தொலைவில் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. அவற்றில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று கிராம உத்தியோகத்தருக்கு அடுத்தபடி தெரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையில் இல்லாதது உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய காசு. வெள்ளமோ சூறாவளியோ வந்தால் சமைத்த உணவுக்கும் உலர் உணவுக்கும் பிரதேச செயலாளர் உடனே செலவழிக்க வழி இருக்கிறது. அதே வழியைக் குற்றத்துக்கும் திறக்கலாம். தேசிய அதிகாரசபை தன் நிதியத்தில் இருந்து ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் சுழற்சி முற்பணம் ஒன்றை வைக்கட்டும். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கமோ சட்ட வைத்திய அதிகாரியின் படிவமோ இருந்தால், முதல் வாரத்திலேயே போக்குவரத்துக்கும் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கட்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலியைக் கொடுக்கட்டும். கணக்கை மாதமுடிவில் அனுப்பி மீளப் பெறட்டும். பொலிஸ்காரர் மீதே முறைப்பாடு என்றால் பொலிஸ் இலக்கம் கேட்காமல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கத்தை ஏற்கட்டும். விண்ணப்பம் தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். இதற்குப் புதிய கட்டிடமும் வேண்டாம், புதிய ஆளணியும் வேண்டாம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு அமைச்சுகள் மதிப்பீடு கேட்கும்போது மாவட்டச் செயலகம் இந்த ஒதுக்கீட்டையும் சேர்த்து அனுப்பவேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.