பெரெம்பாங் மரத்து வெளிச்சம்

வடதுருவ ஒளியைப் பார்க்க நார்வே போகவேண்டும் என்கிறான் என் மகன். அம்மா கேட்டது மின்மினியை. ஜெஞ்சாரோம் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் வேலைக்குப் போகையில் வழியெல்லாம் மின்மினி பறக்குமாம். இப்போது அங்கே செம்பனையும் தெருவிளக்கும்தான்.

சனிக்கிழமை கிள்ளான் வழியாகக் கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானுக்கு அழைத்துப் போனேன். இருட்டிய பிறகுதான் படகு. சம்பானுக்கு 4 பேர், துடுப்பு மட்டும். கைப்பேசி வெளிச்சம் கூடாது என்றார் படகோட்டி.

முதலில் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்குக் கண்புரை. மின்னினாலும் தெரியுமோ தெரியாதோ என்று எனக்குப் பயம். ஆற்று வளைவு திரும்பியதும் பெரெம்பாங் மரமொன்று முழுக்க ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைந்தது. ஆண் பூச்சிகள் சேர்ந்து பெண் பூச்சிகளை அழைக்கின்றனவாம்.

மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. புழுவாக இருக்கும்போது இவை கரையின் ஈர மண்ணில் நத்தை தின்று வளர்பவை. கரையை வெட்டித் திருத்தினால் மரத்திலும் இருட்டுதான்.

“மங்கலாத்தான் இருக்கு. ஆனா எரிஞ்சு எரிஞ்சு அணையறது நல்லா தெரியுதுய்யா” என்றார் அம்மா. கரையேறியதும், இன்னொரு சுற்றுக்கு எவ்வளவு என்று கேட்டுவரச் சொன்னார்.